இல்லாத ஓவியத்துக்கு ஒலிப்பதிவு

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோ நகரத்தில், சான் லொரென்ஸோ பிரார்த்தனைக் கூடத்துக்குள் முதல் தடவை நுழைந்ததும் நான் செய்தது, கையை ஒரு தட்டு தட்டியதுதான். ஒலிப்பதிவு வேலையில் இருப்பவர்களுக்கு இது ஒரு வியாதி மாதிரி. கல்யாண மண்டபமோ கோயில் பிரகாரமோ, உள்ளே போனதும் தட்டிப் பார்த்து, எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டால்தான் நிம்மதி. இங்கே நான் பயந்த அளவுக்குச் சத்தம் சுற்றவில்லை. காரணம் சுவர். ஜாக்கொமோ செர்பொட்டா என்ற பலெர்மோக்காரர் முந்நூறு வருடத்துக்கு முன்னால் வெள்ளைச் சாந்தில் செய்த குழந்தைகளும் பெண் உருவங்களும் சுவரெங்கும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அத்தனை மேடு பள்ளத்தில் பட்டு ஒலி சிதறிவிடுகிறது.

பீடத்துக்கு மேலே ஓர் ஓவியம். கிட்டத்தட்ட 2.7 மீட்டர் உயரம், 2 மீட்டர் அகலம். வைக்கோலில் கிடக்கும் குழந்தை, களைத்துப்போன தாய், கூட நிற்கும் புனிதர்கள் லாரன்ஸும் பிரான்சிஸும், மேலிருந்து தலைகீழாக இறங்கும் ஒரு தேவதூதன். இத்தாலிய ஓவியர் காரவாஜியோ வரைந்தது. அதாவது, அவர் வரைந்ததன் நகல். அசல் 1969 அக்டோபர் 17-18 இரவில் போய்விட்டது. மரச்சட்டத்திலிருந்து பிளேடால் அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று வரை கிடைக்கவில்லை.

அந்தத் திருட்டில் தொடங்கி, இத்தாலியில் கலைப்பொருள்கள் எப்படிக் களவு போகின்றன, எப்படித் திரும்பி வருகின்றன என்று போகும் ஓர் ஆவணப்படத்தில் ஒலிப்பதிவாளராக வேலை செய்தேன். குழுவில் மொத்தம் மூன்று பேர்: இயக்குநர், கேமராக்காரர், நான். எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். படிக்க ரோமுக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டேன். ஒலிப்பதிவுக்காரிக்குக் கை கொஞ்சம் காலியாக இருக்கும் என்பது இயக்குநரின் கணக்கு. அதனால் அனுமதிக் கடிதங்கள் எல்லாம் என் தலையில் விழுந்தன.

இத்தாலியில் ஆவணப்படம் எடுக்க நினைக்கிற யாருக்கும் நான் சொல்லும் முதல் விஷயம் அதைப் பற்றித்தான். ஓவியர் செத்து நானூறு வருடம் ஆகிவிட்டது, இனி யாரைக் கேட்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். காரவாஜியோ 1610-இல் இறந்தார், காப்புரிமை ஒன்றும் இல்லை. ஆனால் 2004-ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தில் 107, 108 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. பொதுச் சொத்தான ஒரு கலைப்பொருளின் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தினால், அதை வைத்திருக்கும் நிறுவனத்திடம் அனுமதி வாங்கிக் கட்டணமும் கட்ட வேண்டும். ஆய்வுக்கும் லாபமில்லாத வேலைக்கும் சலுகை உண்டு. தொலைக்காட்சிக்கு விற்கப்போகும் படம் எந்தப் பக்கம் சேரும் என்பதை ஆரம்பத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். படம் முடிந்த பிறகு கேட்டால் பதில் எப்போதும் விலை கூடியதாகத்தான் வரும்.

நான் செய்த தவறு வேறு. பலெர்மோவில் எடுக்கப்போகும் காட்சிகளுக்கும் சேர்த்து ரோமில் ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். ஐந்து வாரம் காத்திருந்த பிறகு இரண்டே வரியில் பதில்: சிசிலி எங்கள் பொறுப்பில் இல்லை. சிசிலி தன்னாட்சி மண்டலம், பண்பாட்டுச் சொத்தெல்லாம் அங்குள்ள மண்டல அரசின் கீழ் வருகிறது. இத்தாலியர்களுக்கு இது பால்பாடம். எங்கள் இயக்குநரும் இத்தாலியர்தான். அவர் மறந்துபோனார், நான் கேட்கவே இல்லை.

சரி, அனுமதி வந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு போனோம். வாசலில் இருந்தவர் கடிதத்தை மேலும் கீழும் படித்துவிட்டு, "இதில் ட்ரைபாட் என்று எங்கேயும் இல்லையே" என்றார். பழைய தரை, அவர் சொன்னதில் தப்பே இல்லை. அன்றைக்கு எடுத்ததெல்லாம் கையில் பிடித்து எடுத்தது, பாதிக்கு மேல் ஆட்டம். மறுபடி எழுதிய கடிதத்தில் ட்ரைபாடின் கால்களுக்கு ரப்பர் உறை போடுவோம் என்பது வரை சேர்த்தேன். எத்தனை பேர், எந்த விளக்கு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, படம் எங்கே காட்டப்படும், எத்தனை வருடத்துக்கு என்று எல்லாவற்றையும் எழுதினேன். வெட்கப்படாமல் எழுத வேண்டிய கடிதம் அது.

ரோமில் சாந்த் இக்னாசியோ சதுக்கம் என்று ஒன்று. நாடக மேடை போல வளைந்த கட்டடங்கள். அதில் ஒன்றில்தான் கரபினியேரியின் கலைப் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. கரபினியேரி என்பது இத்தாலியின் ராணுவம் சார்ந்த காவல் படை. இந்தப் பிரிவை 1969 மே 3-இல் தொடங்கினார்கள். உலகத்தில் இப்படி ஒன்று அதற்கு முன் கிடையாது. ஐந்து மாதம் கழித்துத்தான் பலெர்மோ ஓவியம் திருடு போனது.

அவர்களிடம் திருடுபோன பொருள்களின் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. திரையைப் படம் பிடிக்க எங்களை விடவில்லை. நான் விசைப்பலகைச் சத்தத்தை மட்டும் பதிவு செய்தேன். அதுவே படத்தில் நன்றாக வேலை செய்தது. ஒருவர் தட்டிக்கொண்டே இருக்கிறார், பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அங்கே ஓர் அதிகாரி பேச்சுவாக்கில் சொன்னது என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பாதிரியாரோ வீட்டுக்காரரோ திருட்டுப் போய்விட்டதென்று அழுதுகொண்டு வருவார்களாம். இவர் கேட்கும் முதல் கேள்வி, போட்டோ இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காதாம். இருந்தால், யாரோ ஞானஸ்நானத்துக்கு எடுத்த படத்தில் பின்னால் மங்கலாக நிற்கும். சிலையின் விலை எவ்வளவு, எத்தனை நூற்றாண்டுப் பழசு என்பதெல்லாம் அப்புறம். படம் இல்லாத பொருளை ஏலக்கடையில் கண்ணால் பார்த்தாலும், இது உங்களுடையதுதான் என்று சாதிக்க முடியாது.

இதற்கென்றே ஆப்ஜெக்ட் ஐடி என்று ஓர் எளிய அட்டவணை 1990-களிலிருந்து உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. என்ன பொருள், எதனால் ஆனது, அளவு என்ன, எழுத்தோ முத்திரையோ உண்டா என்று கேட்டுக்கொண்டே போகும். அதில் எனக்குப் பிடித்த கேள்வி, அடையாளம் காட்டும் குறை ஏதும் உண்டா என்பது. கீறல், ஒட்டுப் போட்ட விரல், உளி தவறிய இடம். அழகைக் காட்டும் படத்தில் நாம் மறைக்கப் பார்ப்பதெல்லாம்தான் இங்கே ஆதாரம். அதற்குப் பிறகு கேமராக்காரரிடம் ஒவ்வொரு பொருளின் முதுகையும் அடியையும் எடுக்கச் சொல்லி நச்சரிக்க ஆரம்பித்தேன்.

திருடர்களே எடுத்த படத்தால் மாட்டிய கதையும் உண்டு. 1995 செப்டம்பரில் ஜெனீவா ஃப்ரீபோர்ட்டில், அதாவது சுங்க வரி கட்டாமல் பொருள்களை வைத்திருக்கும் கிடங்கு வளாகத்தில், ஜாக்கொமோ மெதிச்சி என்ற வியாபாரியின் கிடங்கைத் திறந்தார்கள். பழம்பொருள்களோடு ஆயிரக்கணக்கான புகைப்படங்கள், நிறைய போலராய்ட், எடுத்ததும் கையோடு அச்சாகி வரும் படங்கள். மண் அப்பிய ஜாடி, துண்டு துண்டாக உடைந்த கோப்பை, பிறகு அதே கோப்பை ஒட்டிச் சுத்தமாக, பிறகு அதுவே ஏதோ ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள். பொருள் போன வழி முழுக்க அந்தப் படங்களிலேயே இருந்தது. இத்தாலிய மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் 1909-லிருந்தே அரசுக்குச் சொந்தம். இது எங்கள் தாத்தா காலத்திலேயே வெளிநாடு போய்விட்டது என்று சொல்வது வியாபாரிகளின் வழக்கம். ஆனால் போலராய்டின் எஸ்எக்ஸ்-70 கேமரா விற்பனைக்கு வந்ததே 1972-இல். அதில் எடுத்த படத்தில் ஈர மண்ணோடு ஒரு ஜாடி இருந்தால், தாத்தா கதை அங்கேயே முடிந்தது. மெதிச்சிக்கு 2004-இல் தண்டனை கிடைத்தது.

கும்பகோணத்துக்காரிக்கு இதைக் கேட்டால் என்ன ஞாபகம் வரும்? ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர்தான். 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு வாங்கி, 2014-இல் திருப்பிக் கொடுத்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய கறுப்பு-வெள்ளைப் படங்கள்தான் அவரை அடையாளம் காட்டின. கடத்திய சுபாஷ் கபூருக்கு 2022-இல் இன்னொரு சிலைத் திருட்டு வழக்கில் பத்து வருடம் கொடுத்தது எங்கள் ஊர் நீதிமன்றம். இதைச் சொன்னதும் இயக்குநர் அதையும் படத்தில் சேர்க்கலாமா என்றார். வேண்டாம், அது தனிப் படம் என்று நானே சொல்லிவிட்டேன்.

ரோமிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய செர்வெத்தேரியில்தான் படத்தின் மிகக் கஷ்டமான நாள்கள். ரோமர்கள் தலையெடுப்பதற்கு முன் அந்தப் பக்கம் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் மென்பாறையைக் குடைந்து, வீடு மாதிரியே அறைகளோடு கட்டிய கல்லறைகள் அங்கே இருக்கின்றன. 2004-லிருந்து உலக பாரம்பரியச் சின்னம். ஊர் அருங்காட்சியகத்தில் யூஃப்ரோனியோஸ் என்ற பழங்காலக் கிரேக்க ஓவியர் வரைந்த ஜாடி இருக்கிறது. 45 லிட்டர் கொள்ளும். ட்ராய் போரில் செத்துப்போன வீரன் சர்பெடோனை உறக்கமும் சாவும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குகிற படம் அதில். 1971-இல் இதே ஊர்ப் பக்கம் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தது. அடுத்த வருடமே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2008 ஜனவரியில் இத்தாலிக்கு வந்து சேர்ந்தது.

கல்லறை தோண்டுகிறவர்களை அங்கே தொம்பரோலி என்பார்கள். அந்தத் தொழிலை விட்டு வருடக்கணக்காகிவிட்டது என்று சொல்லிக்கொண்ட ஒரு கிழவர் எங்களுக்குப் பேட்டி கொடுத்தார். முகம் தெரியாது, குரலை மாற்றிவிடுவோம் என்று ஒப்புக்கொண்டிருந்தோம். பணம் கொடுக்கவில்லை. கொடுக்கவே கூடாது. கொடுத்தால் கதை நீளமாக வரும், அவ்வளவுதான். தன் தக்காளிப் பாத்திக்கு நடுவில் நின்று ஸ்பில்லோனே என்கிற நீண்ட இரும்புக் கம்பியை எடுத்துக் காட்டினார். மேலே குறுக்காக ஒரு பிடி. மண்ணுக்குள் அழுத்தி, கீழே என்ன இருக்கிறது என்று உள்ளங்கையால் கேட்பாராம். "கேட்பது" என்றுதான் சொன்னார், எனக்குச் சிலிர்த்தது. கம்பியின் மேல் முனையில், தொடும் பொருளின் அதிர்வையே ஒலியாகப் பிடிக்கும் ஒரு கான்டாக்ட் மைக்கை ஒட்டி ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டேன். பாத்தி மண்ணில் கம்பி இறங்கும்போது நீளமாக ஒரு உரசல். கல்லில் முட்டினால் வறண்ட ஒரு டொக். கீழே வெற்றிடம் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். கம்பியைத் தூக்கிப் பிடித்து, விரலைத் தளர்த்தி, வாயை லேசாகத் திறந்து மூச்சை உள்ளே இழுத்துக் காட்டினார்.

என் வாழ்க்கையில் பதிவு செய்த நல்ல ஒலிகளில் அது ஒன்று. படத்தில் எட்டு நொடி மட்டும் வருகிறது, விளக்கம் எதுவும் இல்லாமல். எந்தப் பருவம், எந்த மண், எத்தனை ஆழம் என்று அவர் சொன்னதையெல்லாம் வெட்டிவிட்டோம். நாங்கள் எடுப்பது பயிற்சி வகுப்பு இல்லை. இரண்டாவது வெட்டு அவருடைய நகைச்சுவை. சிரிக்க வைக்கும் கிழவர் கேமராவுக்கு முன்னால் ஆபத்தானவர். "நான் எடுக்காவிட்டால் உழுகிற ட்ராக்டர் உடைத்திருக்கும்" என்றார். எங்கள் மூன்று பேருக்கும் தலை தானாக ஆடியது. எடிட்டிங்கில் அந்த வாக்கியத்துக்கு அடுத்ததாக, உடைத்துத் திறந்த கல்லறையின் உள்சுவரை வைத்தோம். யூஃப்ரோனியோஸ் ஜாடி எந்த அறையில், எதற்குப் பக்கத்தில், யாருடைய எலும்போடு இருந்தது என்பதெல்லாம் அந்த ராத்திரியோடு போனது. ஜாடி திரும்பி வந்துவிட்டது, அதெல்லாம் வரவில்லை.

போகும்போது அவர், வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தால் உண்மையான தோண்டலையே காட்டுகிறேன் என்றார். விட்ட தொழில் என்றாரே என்று நான் கேட்கவில்லை. இயக்குநருக்குக் கண் மின்னியது. எனக்கும்தான், பொய் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் பண்பாட்டுச் சொத்துக் குற்றங்களைத் தண்டனைச் சட்டத்தில் தனி அத்தியாயமாகச் சேர்த்து, தண்டனையையும் கூட்டியிருக்கிறார்கள். அங்கே போய் நின்றால் நாங்களும் உடந்தை என்று வழக்கு வரலாம். நாங்கள் வருகிறோம் என்பதற்காகவே ஒரு குழி தோண்டப்படலாம் என்பது அதைவிட மோசம். போகவில்லை.

இன்னொரு தப்பு கடைசி நேரத்தில்தான் பிடிபட்டது. புதிதாகத் தோண்டிய குழிகள் இருந்த ஒரு வயலை அகலமான ஷாட்டில் எடுத்திருந்தோம். பொன் நிற வெயில், பின்னால் ஒரு குன்று, ஒரு மின்கம்பம், அழகு. வெட்டு முடிந்த பிரதியைப் பார்த்த ஒரு தொல்லியல் ஆய்வாளர் படத்தை நிறுத்திவிட்டு, இந்தக் குன்றையும் கம்பத்தையும் வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும் என்றார். ஷாட் போனது. அதற்குப் பதில் குழியின் விளிம்பில் முளைத்த புல்லும் என் ஒலியும். புகைப்படக் கோப்புகளிலும் இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டு இருக்கும், வெளியே அனுப்புவதற்கு முன் அழித்துவிட வேண்டும்.

மறுபடி பலெர்மோ. அங்கே ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெல்லெக்ரினோ மலை மேல் நகரத்தின் காவல் தெய்வம் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில் இருக்கிறது. சைவர்களும் கத்தோலிக்கர்களுமாக நம் ஆட்கள் அங்கே போவதை நீங்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். பல்லரோ சந்தைப் பக்கம் ஒரு கடையில் அரிசி வாங்கப் போன இடத்தில் அறுபது வயது தாண்டிய ஒருவர் பழக்கமானார். முப்பது வருடமாக வீட்டு வேலை, இப்போது கடையில் உதவி. என்ன படம் எடுக்கிறீர்கள் என்று கேட்டவரிடம் காரவாஜியோ கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் அரிசிப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, எங்கட ஊர்க் கோயில் அம்மனை இடம்பெயரேக்கை மண்ணுக்கை தாட்டுப்போட்டுப் போனவை. ரெண்டு பேருக்குத்தான் இடம் தெரியும். ரெண்டு பேரும் இப்ப இல்லை."

"படம் ஏதாவது இருக்கா ஐயா?"

"ஆர் எடுத்தது? சாமியைப் படம் எடுக்க விடமாட்டினம்."

பலெர்மோவிலும் கிட்டத்தட்ட அதே கதைதான், சாட்சிகள் செத்துக்கொண்டே போகிறார்கள். மாஃபியாவிலிருந்து மனம் திரும்பி வாக்குமூலம் கொடுத்தவர்களில் ஆளுக்கொரு கதை. நானே கூட இருந்து திருடினேன் என்று ஒருவர். தொழுவத்தில் வைத்திருந்தார்கள், எலியும் பன்றியும் தின்றுவிட்டன என்று தான் கேள்விப்பட்டதாக 2009-இல் காஸ்பாரே ஸ்பாட்டுஸா. துண்டு போட்டு ஸ்விட்சர்லாந்து வியாபாரிக்கு விற்றார்கள் என்று இன்னொருவர். எங்கள் இயக்குநருக்குப் பன்றிக் கதை மேல் ஆசை, படத்துக்கு நல்ல முடிவு அல்லவா. நான் கடைசி வரை சண்டை போட்டேன். யார், எப்போது, தான் பார்த்ததையா கேட்டதையா சொன்னார் என்பதை ஒவ்வொரு கதைக்கும் முன்னால் எழுத்தில் போட்டோம். எதையும் நடித்துக் காட்டவில்லை.

எடுத்ததைத் தூக்கிப் போடாதே என்பதற்கும் இந்த ஓவியமே உதாரணம். 2001-இல் மாசிமோ த'அனொல்ஃபி என்ற ஆவணப்பட இயக்குநர் அந்தக் கூடத்தின் பாதிரியார் பெனெதெத்தோ ரோக்கோவைப் பேட்டி எடுத்தார். மாஃபியா தனக்குக் கடிதம் எழுதியது, ஓவியம் தங்களிடம்தான் என்று காட்ட அதிலிருந்து ஒரு துண்டை அனுப்பியது என்று பாதிரியார் அதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிவு பரவலாகத் தெரிய வந்தது 2019-இல். அதற்குள் பாதிரியார் உயிரோடு இல்லை. எங்கள் பதிவுகள் இப்போது மூன்று ஹார்ட் டிஸ்க்கில், மூன்று வீட்டில் இருக்கின்றன.

2015 டிசம்பரில் பீடத்தில் வைத்த அந்த நகலும் ஒரு புகைப்படத்திலிருந்து பிறந்ததுதான். திருட்டுக்கு முன் எடுத்த வண்ண ஸ்லைடையும் பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களையும் வைத்து, தூரிகை ஓடும் விதத்தைக் காரவாஜியோவின் வேறு ஓவியங்களில் ஸ்கேன் செய்து பார்த்து உருவாக்கினார்கள்.

கடைசி நாள், எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கூடத்தின் வெறும் ஒலியை இரண்டு நிமிடம் பதிவு செய்தேன். ரூம் டோன் என்போம், எந்தப் படப்பிடிப்பிலும் செய்ய வேண்டியது. எடிட்டிங்கில் வெட்டுகளை ஒட்ட இது இல்லாமல் முடியாது. நாற்பதாவது நொடியில் வெளியே சந்தில் ஒரு ஸ்கூட்டர் போனது. மறுபடி எடுக்கலாம் என்றேன். அதுவே இருக்கட்டும், அந்த ராத்திரியும் வெளியே ஒரு வண்டி நின்றிருக்கும் என்றார் இயக்குநர். படத்தின் கடைசியில் அது இருக்கிறது.

படம் முடிந்து ஒரு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் அரிசிக்கடை ஐயாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கனடாவில் இருக்கும் மச்சாளிடம் கேட்டு வாங்கியதாம். கோயிலில் நடந்த கல்யாணம். மாப்பிள்ளை, பொம்பிளை, பின்னால் மாலைகளுக்கு நடுவே அம்மனின் முகமும் ஒரு கையும். கையில் சுண்டுவிரல் நுனி உடைந்திருந்தது.

"இது காணுமோ பிள்ளை?"

மாப்பிள்ளையின் உயரம் எவ்வளவு என்று கேட்டு எழுதினேன்.